கழிவு போக மூன்று தாள்

வட்டவடை வீரபாண்டி நம்பும் பொருள்கள் உலகத்தில் மிகக் குறைவு. வானிலை அறிக்கையை நம்பமாட்டார். விதைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்த கேரட் படத்தை நம்பமாட்டார். 'இந்தா, இப்பக் கெளம்பிரும்' என்று சொல்லும் மூணாறு ஜீப்பை ஒருநாளும் நம்பமாட்டார். ஆனால் கமிஷனை நம்புவார். ஒரு காரியத்துக்கு நடுவே ஒரு ஆள் நின்று, அந்த ஆளின் கைக்கு நூற்றுக்குப் பத்து போய்ச் சேர்ந்தால்தான் காரியம் நிஜமாக நடக்கிறது என்பது, நாற்பத்தொன்பது வயதுக்குள் அவர் சொந்தமாகக் கண்டடைந்த தத்துவம்.

தத்துவம் சும்மா வரவில்லை. ஒரு லோடு கேரட்டை விலையாகக் கொடுத்து வாங்கியது. இருபத்திரண்டாம் வயதில், ரத்தம் சூடாக இருந்த காலத்தில், "நம்ம வெளைச்சல நாமளே விப்போம், நடுவுல எவன்?" என்று முழங்கிவிட்டுப் பதினெட்டு மூட்டை கேரட்டுடன் மலையிறங்கினார். சந்தையில் யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. "யார் சரக்கு?" என்று மட்டும் கேட்டார்கள். "என் சரக்குதான்" என்றார். "அது சரி, யார் மூலமா வந்த சரக்கு?" என்றார்கள். யார் மூலமாகவும் வராத சரக்கை, வழிதவறிக் கல்யாண வீட்டுக்குள் வந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மூன்றாம் நாள் கேரட் வாடியது. நான்காம் நாள் மாடுகள் வந்தன. மாடுகள் கமிஷன் கேட்கவில்லை என்பதுதான் அந்தப் பயணத்தின் ஒரே லாபம்.

அதற்குப் பிறகு வீரபாண்டி எந்தக் காரியத்தையும் நேரடியாகச் செய்யும் தவற்றைச் செய்யவில்லை. அவர் மனைவி சின்னத்தாய் சொந்தத் தாய்மாமன் மகள். மூன்று வீடு தள்ளி வளர்ந்தவர். பிறந்த அன்றே இவருக்குத்தான் என்று ஊர் பேசி முடித்த பெண். இருந்தும் வீரபாண்டி கீழேயிருந்து ஒரு கல்யாணத் தரகரை ஜீப் கூலி கொடுத்து வரவழைத்து, அந்த மூன்று வீட்டையும் நடந்து கடக்கவைத்தார். தரகர் போன சூட்டோடு திரும்பி வந்து, "பொண்ணு வீட்டுல சம்மதம்" என்றார். தரகுப் பணம் கைமாறிய பிறகுதான் மாப்பிள்ளைக்கு முகூர்த்தத்தின் மேல் நம்பிக்கை வந்தது. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அவர் முணுமுணுத்தால் சின்னத்தாய் இன்றைக்கும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அந்தத் தரகன்ட்டப் போயிச் சொல்லுங்க மச்சான். சரக்க மாத்தித் தருவான்."

சின்னத்தாயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பூண்டைத் தரம் பிரிப்பதில் அந்த மலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், முதல் தரம், நடுத்தரம், பொடி, சொத்தை என்று நாலு குவியல் நாலு திசையில் எழும்பும். கண் ஊர் வம்பில் இருக்கும், கைதான் வேலை செய்யும். வியாபாரிகள் மூட்டைக்கு மூன்று கிலோ 'கழிவு' பிடிப்பது வழக்கம். வேர், மண், சொத்தை எல்லாவற்றுக்கும் சேர்த்து, பார்க்காமலே போடும் கணக்கு அது. சின்னத்தாய் பிரித்த மூட்டைக்கு மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. மூட்டையை வியாபாரியின் காலடியில் கொட்டி, "கழிவ எடுத்துக் காட்டுங்க. காட்டுனத மட்டும் புடிங்க" என்பார். குனிந்து தேடிய வியாபாரிகள் இடுப்புப் பிடிப்போடு போயிருக்கிறார்கள், கழிவோடு போனதில்லை.

இந்த இருவருக்கும் ஒரே மகள் மாரீஸ்வரி. தொடுபுழைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. மதிப்பெண்ணுக்குக் கிடைத்த இடம், யார் மூலமாகவும் வந்ததல்ல. அன்றே வீரபாண்டிக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. கூட வந்த கடிதத்தில் அதைவிட மோசமான செய்தி இருந்தது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசு உதவித்தொகை ஏற்றுக்கொள்ளும்; விண்ணப்பத்தை ஆன்லைனில் பதினெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்; அனுப்பாதவர்கள் முழுக் கட்டணத்தையும் கட்டிச் சேரலாம், இல்லையென்றால் இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும். முழுக் கட்டணம் என்பது வீரபாண்டியின் முக்கால் ஏக்கரை இரண்டு முறை விற்றால் வரக்கூடிய தொகை. ஒரே நிலத்தை இரண்டு முறை விற்கும் கலை அவருக்குக் கைவரவில்லை.

கடிதத்தைப் பள்ளிக்கூடத்து நிமி டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார். டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பத்து நிமிஷ வேலைங்க இது. வருமான சர்டிபிகேட், ஜாதி சர்டிபிகேட், மார்க் லிஸ்ட், இந்த மூணு போதும். மாரியே போன்ல பண்ணிருவா."

"செலவு எம்புட்டு ஆகும் டீச்சர்?"

"செலவே இல்ல. ஓசி."

"ஓசியா? யார் மூலமா?"

"யார் மூலமாவும் இல்லீங்க."

பதினெட்டு மூட்டை கேரட்டும் வீரபாண்டியின் கண்முன்னால் ஒருமுறை வாடியது. டீச்சருக்கு விவரம் போதாது என்று அனுதாபப்பட்டபடி ஜீப் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

ஜீப் ஓட்டும் பாண்டித்துரை இந்த மாதிரி முகங்களை நன்றாக அறிந்தவன். "என்னண்ணே, புள்ளைக்கு சீட்டாமே? உதவித்தொகைக்கு ஆள் பாத்தாச்சா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியிலேயே வீரபாண்டியின் நெஞ்சு குளிர்ந்தது. ஆள் இருக்கிறது! உலகம் இன்னும் ஒழுங்காகத்தான் சுற்றுகிறது!

ஆள் மூணாறில் இருந்தார். ஒரு சாக்லேட் கடையின் மாடியில், 'நியூ ஹிமகிரி எஜு-எய்ட் சர்வீஸ்' என்ற பலகைக்குப் பின்னால் இருந்தார். பழைய ஹிமகிரி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உரிமையாளர் டிஜோவுக்கு முப்பத்திரண்டு வயது, கழுத்தில் டை, மேஜையில் இரண்டு போன். வரவேற்பில் ஜிஸ்மி என்ற பெண் பேருக்கு ஒரு கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் கறுப்பு அங்கி போட்ட மாணவர்கள் தொப்பியை வானத்தில் எறிந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இடுக்கி ஜில்லாக்காரர் போலத் தெரியவில்லை. அது வீரபாண்டிக்கு மேலும் மதிப்பைக் கூட்டியது.

"அண்ணாச்சி, நூறு பேர் அப்ளை பண்ணினா தொண்ணூறு பேர் ரிஜெக்ட்" என்று டிஜோ மலையாளம் கலந்த தமிழில் தொடங்கினார். "காரணம் எந்தா? ஃபைல் ஷரியில்லா. நம்ம ஃபைல்னா நேரே மேஜைக்குப் போகும். சில்வர், கோல்டு, பிளாட்டினம் மூணு பேக்கேஜ் உண்டு. உங்க மோளுக்கு கோல்டு மதி, அது போதும். ஆறாயிரத்து ஐநூறு. கிட்டலைன்னா பணம் வாபஸ்."

"கமிஷன் எம்புட்டு?"

"அய்யோ, கமிஷனே இல்லா அண்ணாச்சி! சர்வீஸ் சார்ஜ் மாத்ரம்."

வீரபாண்டி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். டிஜோ மனித மனத்தை வாசிக்கத் தெரிந்தவர்.

"இரிக்கு, இரிக்கு! கமிஷன் உண்டு. பத்து சதமானம். தொகை பாஸான பிறகு."

"அப்பிடிச் சொல்லுங்க" என்று வீரபாண்டி உட்கார்ந்தார். நடுத்தரப் பூண்டு இரண்டு மூட்டையின் விலை அன்றே மேஜை மாறியது. கூடவே டீச்சர் சொன்ன மூன்று அசல் சான்றிதழ்களும், ரேஷன் கார்டின் நகல்களும் போயின. நகல் மட்டும் அவர் மாடி ஏறிய ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கப்பட்டது.

ஹிமகிரியின் தொழில் ரகசியம் எளிமையானது. கோப்பை வாங்கி வைப்பார்கள். கல்லூரிக்காரர்களே பிள்ளையைக் கூப்பிட்டு விண்ணப்பிக்கவைத்துத் தொகை வந்துவிட்டால், 'பாத்தீங்களா நம்ம ஃபைலோட சக்தி' என்பார்கள். வராவிட்டால், 'அடுத்த வருஷம் பிளாட்டினம் எடுக்கலாம்' என்பார்கள். இதற்கு உழைப்பே தேவையில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தினமும் காலை ஆறு மணிக்கு எழுபது குடும்பங்களுக்கும் பூங்கொத்துப் படத்துடன் 'சுபதினம்' அனுப்பவேண்டியிருந்தது.

வீரபாண்டி அந்தப் பூங்கொத்துகளை மகளிடம் காட்டிப் பெருமைப்பட்டார். "ஒங்க டீச்சரு ஒரு பூவாவது அனுப்புனாகளா?"

"ஏப்பா, அப்ளிகேஷன் நம்பர் கேட்டீகளா?"

"ப்ராசஸ்ல இருக்காம் தாயி."

"பாஸ்வேர்டு?"

"அதுவும் ப்ராசஸ்லதான் இருக்காம்."

பதினேழாம் தேதி மாரீஸ்வரி கேரட் கழுவும் தொட்டியின் விளிம்பில் ஏறினாள். அங்கேதான் அவர்கள் வீட்டுக்கு இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். கல்லூரி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் இருந்தவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் விண்ணப்பம் எதுவும் வரவில்லை, நாளை ஐந்து மணியோடு கெடு முடியும் என்றார். மாரீஸ்வரி தொட்டியிலிருந்து இறங்கியபோது வீரபாண்டி அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு கோடி 'சுபதினம்' வந்தாலும் அந்த முகத்தைத் தேற்ற முடியாது என்பது அவருக்கே தெரிந்தது.

"கமிஷன்கூடப் பேசுனேனே..." என்றார் பரிதாபமாக.

சின்னத்தாய் பூண்டிலிருந்து தலையைத் தூக்கினார். "காலையில மொத ஜீப்பு. நானும் வாரேன்."

முதல் ஜீப் முதலில் கிளம்பவில்லை. கிளம்பியதும் சோலைக்காட்டு வளைவில் ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று ரோட்டின் நடுவே நின்று, எந்த அவசரமும் இல்லாமல் மூங்கிலைத் தின்றது. இரண்டு மணி நேரம் ஜீப்பில் மூச்சுக்கூட மெதுவாகவே விட்டார்கள். அந்த அமைதியில் சின்னத்தாய் முன்சீட்டுக்குக் குனிந்து கிசுகிசுத்தார்.

"தொரை, அந்த மாடிக்கு ஆள் கூட்டியாந்தா ஒனக்கு எம்புட்டு?"

"அக்கா, ஆனை நிக்குது..."

"ஆனை கேக்கல, நான் கேக்கேன்."

"தலைக்கு முந்நூறுக்கா" என்றான் பாண்டித்துரை, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

"அப்ப இன்னிக்குப் போக வர எங்க மூணு தலைக்கும் கூலி கெடையாது."

யானையே அதைக் கேட்டு நியாயம் என்று பட்டதுபோல் வழிவிட்டது.

மாடி ஏறியபோது மணி இரண்டே முக்கால். முன்னறையில் ஐந்தாறு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. எல்லோர் முகத்திலும் வீரபாண்டியின் முகமே ஒட்டியிருந்தது. டிஜோ டையை நேராக்கிக்கொண்டு எழுந்தார்.

"சேச்சி, ஒன்னும் பேடிக்கேண்டா, பயம் வேண்டா. உங்க ஃபைல் ப்ராசஸ்ல இருக்கு."

"ப்ராசஸ்ல இருந்து எறக்குங்க தம்பி."

"அது இப்ப..."

ஜிஸ்மி எழுந்துபோய் எடுத்துவந்தாள். ப்ராசஸ் என்பது ஜன்னலோர பீரோவின் கீழ்த்தட்டு என்று அப்போதுதான் தெரிந்தது. கோப்பு நல்ல கனம். அறுபத்திரண்டு தாள். கனத்தைப் பார்த்ததும் வீரபாண்டிக்கு ஒரு கணம் பழைய நம்பிக்கை திரும்பியது. சின்னத்தாய்க்கு அப்படி எதுவும் திரும்பவில்லை. கனமான மூட்டையில்தான் மண் அதிகம் இருக்கும் என்பது அவர் அறிந்தது. கணவரின் தோளிலிருந்து துண்டை உருவித் தரையில் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோப்பை மடியில் கவிழ்த்தார்.

"மாரி, நீ வாசி. நான் பிரிக்கேன்."

"ரேஷன் கார்டு காப்பி."

"அடுத்தது?"

"அதுவும் ரேஷன் கார்டு."

ஒன்பது ரேஷன் கார்டுகள் பொடிக் குவியலுக்குப் போயின. பிறகு ஹிமகிரியின் வண்ண விளம்பரம் நாலு. டிஜோ ஏதோ கூட்டத்தில் மைக் பிடித்து நிற்கும் படம் ஒன்று. வெற்றுத் தாள் பதினொன்று, கனத்துக்காக. மூணாறு சுற்றுலா வரைபடம் ஒன்று. எல்லாம் சொத்தைக் குவியல்.

"முந்திரி போட்ட சாக்லேட், அத்திப்பழ சாக்லேட்... ம்மா, இது வெலைப் பட்டியல்."

"இது எதுக்கு தம்பி? காலேஜ்ல கேட்டாகளா?"

"அது... கீழக் கடையோடது சேச்சி. மிக்ஸ் ஆயிப்போச்சு."

முன்னறையில் சிரிப்புக் கிளம்பியது. முதலில் ஒரு பாட்டம் அடக்கமாக, பிறகு தாராளமாக. உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு துண்டைச் சுற்றிக் கூடினார்கள். சின்னத்தாயின் கை நிற்கவில்லை. கடைசியில் வலது பக்கம் முதல் தரக் குவியலில் மூன்றே தாள் மிஞ்சின. வருமான சர்டிபிகேட், ஜாதி சர்டிபிகேட், மார்க் லிஸ்ட்.

"டீச்சரு சொன்ன மூணு" என்றார் சின்னத்தாய். வீரபாண்டியை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காததே போதுமானதாக இருந்தது.

மணி மூன்று பத்து. மாரீஸ்வரி போனை எடுத்தாள். ஜிஸ்மி மேஜையைச் சுற்றி வந்து கையை நீட்டினாள். "தா மோளே, ஸ்கேன் பண்ணித் தரேன். வைஃபையும் போட்டுக்கோ."

"ஜிஸ்மி!" என்றார் டிஜோ.

"என் தம்பிக்கு வீட்டுல இருந்துதான் பண்ணேன் சார். எட்டு நிமிஷம் ஆச்சு."

மாரீஸ்வரிக்குப் பதினொரு நிமிஷம் ஆனது. மூன்று நிமிஷம் அதிகமானதற்கு வீரபாண்டிதான் காரணம். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இதுல எங்கயாச்சும் பணம் கட்டச் சொல்லுதா பாரு, நல்லாப் பாரு" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். எங்கேயும் சொல்லவில்லை. விண்ணப்ப எண் டிங்கென்று வந்து விழுந்தது. மாரீஸ்வரி கல்லூரியைக் கூப்பிட்டாள். அதே குரல், "ஆ, கிட்டி" என்று விண்ணப்பம் வந்துசேர்ந்ததை உறுதி செய்தது. அவள் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவரில் தொப்பி எறிபவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"சரி தம்பி, இப்ப கழிவுக்கு வருவோம்" என்றார் சின்னத்தாய். "அறுவத்திரண்டு தாளு. அம்பத்தொம்போது கழிவு. எடுத்துக் காட்டிட்டேன், எல்லாரும் பாத்தாக. கழிவுக்கான காச எடுத்து வைங்க."

"சேச்சி, அக்ரிமென்ட்ல அப்படியில்லா..."

"அக்ரிமென்ட் எந்தக் குவியல்ல கெடக்கு பாருங்க."

அது சுற்றுலா வரைபடத்துக்கு அடியில் கிடந்தது. இதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மா எழுந்து, "ஏக்கா, எங்க ஃபைலையும் கொஞ்சம் பிரிச்சுத் தாங்களேன். பிளாட்டினம்க்கா அது" என்று கேட்டுவிட்டார். பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். பீரோவின் கீழ்த்தட்டு முழுவதும் அந்தத் துண்டின் மேல் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று டிஜோ ஒரு நொடி கணக்குப் போட்டார். படித்தவர், கணக்குச் சரியாக வந்தது. மூன்று தாளுக்கான கூலியைப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணி வைத்தார். ஆனால் வரிசை கலையவில்லை. சின்னத்தாய் துண்டை மடிக்கவும் இல்லை. ஐந்து மணிக்குள் அந்த ஐந்து கோப்புகளும் பிரிக்கப்பட்டன, ஜிஸ்மி ஸ்கேன் போட்டாள், மாரீஸ்வரி அனுப்பினாள்.

படி இறங்கும்போது வீரபாண்டி மட்டும் தயங்கி நின்றார். சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாயை உருவப் பார்த்தார்.

"என்ன மச்சான்?"

"இல்ல... பாவம், மாடி வாடகை இருக்கும்ல. பேசுன கமிஷனுக்கு ஏதாச்சும்..."

சின்னத்தாய் அவர் முழங்கைக்கு மேலே பிடித்த இடம் மூன்று நாள் கன்றியிருந்தது. அதை யாராவது கேட்டால் கேரட் மூட்டை இடித்தது என்று வீரபாண்டி சொல்லிவந்தார்.

இரண்டு மாதம் கழித்து, உதவித்தொகை அனுமதியானதாகச் செய்தி வந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், வீரபாண்டி மட்டும் இருப்புக் கொள்ளாமல் திரிந்தார். ஒரு காரியம் யாருக்கும் பத்துப் போகாமல் நடந்து முடிந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மாடுகள் வரலாம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மாரீஸ்வரி ஊருக்கு வந்தபோது, அந்த வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியது. பிளஸ்டூவும் காலேஜும் படிக்கும் பிள்ளைகளோடு தாய் தகப்பன்கள் உதவித்தொகை ஃபாரத்துக்கு விவரம் கேட்டு வந்தார்கள். "நானே பாத்துப் பண்ணித் தாரேன் சித்தி. காசெல்லாம் வேணாம்" என்று மாரீஸ்வரி சொன்னதும், வந்த சித்தியின் முகம் சுருங்கியது. "ஓசியாவா? எதுக்கும் வீட்டுல கலந்துக்கிட்டு வாரேன் தாயி" என்று எழுந்தாள். அடுத்து வந்தவரும் அதையே சொல்லிவிட்டு எழுந்தார். அப்பாவைப் போலவே ஒரு ஊரே இருக்கிறது என்று மாரீஸ்வரிக்கு விளங்கியது. மூன்றாவது ஆள் வாயைத் திறக்குமுன் அவள் குரலை உயர்த்தினாள்.

"ஓசி கெடையாது. ஒரு ஃபாரத்துக்கு ஒரு பூண்டு. மொதல் தரம்தான் வேணும். அம்மா பாத்துத்தான் எடுப்பாக."

முற்றமே மூச்சு விட்டது. போன சித்தி பாதி வழியில் திரும்பினாள். சின்னத்தாய் வாசற்படியில் உட்கார்ந்து, நீட்டிய பூண்டுகளை உருட்டிப் பார்த்தார். "இது நடுத்தரம். வீட்டுக்குப் போயி வேற எடுத்துட்டு வா" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியதில், மகளின் தொழில்மேல் ஊருக்கு இருந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது.

சாயங்காலம் வீரபாண்டி தொலைவிலிருந்து ஒரு குடும்பத்தைத் தாமே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். ஃபாரம் முடிந்து, பூண்டு கைமாறி, அவர்கள் கும்பிட்டுப் போன பிறகும் அவர் நகரவில்லை. மகளின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"என்னப்பா?"

"இல்ல தாயி... ஆளக் கூட்டியாந்தது யாரு?"

மாரீஸ்வரி அவரைப் பார்த்தாள். பூண்டை உடைத்தாள். பத்துப் பல் இருந்தது. ஒன்றைப் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

வீரபாண்டி அதை விரலால் உருட்டிப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டு, மேலே ஒருமுறை தட்டிக்கொண்டார்.

"இனி எல்லாம் சரியா நடக்கும்" என்றார் சின்னத்தாயிடம். பிறகு அடுத்த ஆளைத் தேடித் தெருவில் இறங்கினார்.